ஒற்றை ஆள் சோதனை

கோப்பிக்கு நன்றி. நன்றாக இல்லை, ஆனாலும் சூடாக இருக்கிறது. எனக்குப் பிரெஞ்சும் ஆங்கிலமும் உங்களைவிட நன்றாகவே வரும். இருந்தாலும் தமிழில்தான் சொல்லப்போகிறேன். மொழிபெயர்க்க வந்திருக்கும் இந்தப் பிள்ளைக்கும் ஒரு நாள் சம்பளம் கிடைக்கட்டும்.

என் பெயர் ஞானாம்பிகை. ஆயுதப் பரவல் தடுப்பு ஆணையத்தில் கொள்கைக்கும் வியூகத்துக்கும் தலைவி. நஞ்சாக மாற்றக்கூடிய இரசாயனத்தை யார் வைத்திருக்கலாம், அதை யார் எப்படிப் போய்ச் சோதிப்பது என்று இந்த நாட்டுக்கு எழுதிக் கொடுப்பது நான். எங்கள் சனம் நிறைந்து கிடக்கிற பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். "எயார்போர்ட்டிலை பெட்டி செக் பண்ணுறனீங்களோ?" என்பார்கள். ஓம் என்று சொல்லிவிட்டு நான் சாப்பிடப் போய்விடுவேன். விளக்கிச் சொல்ல எதிரில் ஒரு மூளை வேண்டும்.

அலுவலகம் மட்டும் என்ன கிழித்தது. எங்கள் அமைச்சருக்கு அணுவுக்கும் அரிசிக்கும் வித்தியாசம் தெரியாது. அவருடைய பேச்சில் எந்த இடத்தில் மூச்சு விடவேண்டும் என்பதைக்கூட நான்தான் குறித்துக் கொடுப்பேன். பரிசோதனைப் பிரிவுக்குத் தலைவன் றொக்சன். கலாநிதிப் பட்டம் வாங்கியவன். அதை ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு தடவையாவது சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

நான் இங்கே வந்தது ஒரு சொல்லைத் திருத்த. எங்கள் பரிசோதகன் டினோஜன் இறந்த வழக்கில், பொலிஸ்காரர் நீங்கள் என் பெயருக்குப் பக்கத்தில் 'கவனக்குறைவு' என்று போட்டிருக்கிறீர்கள். முப்பது வருடமாக ஒரு காற்புள்ளியைக்கூடக் கவனிக்காமல் விட்டவளில்லை நான். அப்படி எழுதுவது எனக்கு அவமானம்.

எங்கள் பழைய விதி இது: சோதனைக்கு இரசாயனக் களஞ்சியத்துக்குள் ஒருவர் போனால் இன்னொருவர் வாசலில் நிற்க வேண்டும். ஒருவன் வேலை செய்ய மற்றவன் வேடிக்கை பார்க்க அரசாங்கம் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது. நான் அதை வெட்டினேன். ஒரு களஞ்சியத்துக்கு ஒரே ஆள். அதே ஆட்களை வைத்து இரண்டு மடங்கு சோதனை. என் வியூகத்தின் முதுகெலும்பு அதுதான். அது வென்றால் அடுத்த ஆணையாளர் நான்.

றொக்சன் கூட்டத்தில் எழும்பினான். "வாசலிலை நிக்கிறவன் சும்மா நிக்கேல்லை மெடம். உள்ளை போனவன் விழுந்தா இழுத்தெடுக்கத்தான் நிக்கிறான்" என்றான். எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதற்கென்றே அந்த மேசையைச் சுற்றி ஆள் வைத்திருக்கிறோம். முதல் ஒற்றை ஆள் சோதனையை நானே நடத்திக் காட்டுகிறேன் என்று அமைச்சரிடம் பொறுப்பெடுத்தேன்.

துறைமுகத்துக்குக் கிட்ட, கிழக்குப் பக்கம், வங்குரோத்தாகி இழுத்து மூடிய ஒரு கம்பனியின் களஞ்சியம். பீப்பாய் சிலது கசிகிறது என்று களஞ்சியக்காரன் முன்பே அறிவித்திருந்தான். அதனால் இரண்டு பரிசோதகர்கள் தனியே போக மறுத்தார்கள். மறுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. டினோஜனைக் கூப்பிட்டேன். மட்டக்களப்புப் பிள்ளை. அவனுடைய தாய் அருளம்மா ஒரு கலியாண வீட்டில் என் கையைப் பிடித்து அழுததால் நான்தான் அவனை வேலைக்கு எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து வெள்ளைக்காரர்கள் முன்னாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். எனக்கு உடம்பெல்லாம் கூசும். கசிவைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை. பயந்தவன் வேலையில் பிழை விடுவான்.

அதே பின்னேரம் நகர மத்தியில் ஒரு ஹோட்டலில் அமைச்சர் வியூகத்தை அறிவிக்க ஏற்பாடு. களஞ்சியம் சரி என்று டினோஜன் தொலைபேசியில் சொல்ல வேண்டும், நான் அமைச்சருக்குத் தலையசைக்க வேண்டும்.

மண்டபத்துக்குள் நுழையும்போது அவனுடைய அழைப்பு வந்தது. "அக்கா, உள்ளுக்கை ஒரு மாதிரி மணக்குது. முகமூடி போட்டும் கண் எரியுது."

"நீர் பயந்துபோனீர். வேலையை முடிச்சுப்போட்டு போன் எடும்."

"ஓம் அக்கா" என்றான்.

அவன் ஏன் அவசரசேவைக்குப் போன் அடிக்கவில்லை என்று நேற்று என்னைக் கேட்டீர்கள். உங்களுக்கு இது விளங்காது. வேலை எடுத்துத் தந்த அக்காவின் பெரிய நாளில் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டு அவள் முகத்தில் கரி பூசுகிற பிள்ளை எங்கள் சனத்தில் இல்லை. அதை நம்பித்தான் அவனைத் தெரிந்தெடுத்தேன்.

அமைச்சர் மேடையில் ஏறியதும் கைப்பேசி திரும்பவும் அதிர்ந்தது. அவன்தான். முன்வரிசையில் றொக்சன் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எழும்பி வெளியே போனேனென்றால் அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை சுமக்க வேண்டும். கைப்பேசியை அணைத்துவிட்டு அமைச்சருக்குத் தலையசைத்தேன். வெற்றி என்று அவர் வாசித்தார். சரியான இடத்தில் மூச்சும் விட்டார். சனம் கை தட்டியது. றொக்சனும் தட்டினான்.

பிறகு ஒரு சமோசா சாப்பிட்டேன், காலையிலிருந்து பட்டினி. அதன்பிறகு அவனுக்குப் போன் எடுத்தேன். பதில் இல்லை. அவசரசேவையை அழைத்தது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

செத்த வீட்டில் அருளம்மா என்னை விடவில்லை. "அவனுக்கு உங்களிலை உயிர். கதவு திறந்துதானே கிடந்தது, ஏன் அவன் வெளியிலை ஓடி வரேல்லை?" என்று திரும்பத் திரும்பக் கேட்டா. கடமையில் கண்ணான பிள்ளை அம்மா, அதுதான் வரவில்லை என்றேன். மனிசி தலையைத் தலையை ஆட்டினா. ஆணைய விசாரணையில் அதையே சொன்னேன், நேற்று உங்களிடமும் அதையே சொன்னேன். எல்லாரும் நம்பினீர்கள். நம்பியதில் எனக்கு ஆச்சரியமில்லை. மொழிபெயர்க்கிற பிள்ளை, நீ ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டாய்? எழுது.

அவன் வெளியே வந்தவன். என்னை முதலில் அழைத்ததே தெருவில் நின்றுதான். இருமல் கேட்டது, பாரவண்டிகள் போகிற சத்தம் கேட்டது. "நான் வெளியிலை வந்திட்டன் அக்கா. மூச்செடுக்கக் கஷ்டமாக் கிடக்கு. திரும்பப் போகவோ?" என்று கேட்டான்.

போம் என்றேன். சொல்வழி கேட்கிற பிள்ளை, போனான்.