குடை அக்கா நேரில் பார்த்து எழுதிய அறிக்கை

மேடையில் வீற்றிருக்கும் நீதிபதி அவர்களே, வழக்கறிஞர் பெருமக்களே, அக்காவின் கணவரே, மகளே, கடைசி வரிசையில் தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கும் எங்கள் வெல்டரே, அக்காவின் நினைவேந்தலுக்கு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

நான் இரும்புக் கடைக்காரன். எடை போடத் தெரியும். மேடையில் பேசத் தெரியாது. நன்னடத்தை அலுவலராக இருந்து, நம் எல்லாருக்கும் குடை அக்காவாகவே ஆகிப்போன அந்த அம்மையாரை எடை போட எந்தத் தராசு தாங்கும்?

ஆறு வருடங்களுக்கு முன் இந்த வெல்டர் என் கிடங்கு ஷட்டரை அறுத்துச் செம்புக் கம்பியை அள்ளிக்கொண்டு போனார். பிடிபட்டார்; ஒப்புக்கொண்டார். சிறையா, கண்காணிப்பில் வெளியேயா என்பதுதான் பாக்கி. அவரையும் அவர் வீட்டையும் நேரில் விசாரித்து எழுதச் சொல்லி, நீதிமன்றம் அக்காவிடம் அறிக்கை கேட்டது. சிறைதான் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன்.

கொட்டுகிற மழையில் அக்கா குடையோடு கடைக்கு வந்தார். திருடனுக்கு வக்காலத்தா என்று கேட்டேன். கோபப்படவில்லை. வெல்டர் வீட்டுக்கு மூன்று முறை போனதையும், குடியை விட்டதாக அவர் சொன்னது பொய் என்பதையும், ஆனால் கைத்தொழிலில் கெட்டிக்காரர் என்பதையும் மறைக்காமல் சொன்னார். மழை விட்டதும் வந்திருக்கலாமே என்றேன்.

"ஒரு தடவ மழைன்னு ஒருத்தர் வீட்டுக்குப் போகாம ஆபீஸ்லயே உட்கார்ந்து அறிக்கைய எழுதிட்டேன் அண்ணே. அவர் உள்ள போயிட்டார். படுக்கையில கிடந்த அவங்க அம்மாவுக்குத் தண்ணி குடுக்க ஆளில்லன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. கோர்ட்ல எழுந்து நின்னு என் தப்புன்னு சொன்னேன். அன்னைக்கு வாங்கின குடை இது."

யாரும் கேட்காமலே தன் தவறைச் சபையில் சொன்ன அதிகாரியை நீங்கள் பார்த்ததுண்டா? முப்பது வருட வியாபாரத்தில் நான் பார்த்ததில்லை. நானே சொன்னதில்லை.

குடிநோய்க்குச் சிகிச்சை, வாரம் ஒரு நாள் அக்காவிடம் ஆஜர், அறுத்த ஷட்டரைத் தானே பற்றவைத்துத் தருவது என்ற நிபந்தனைகளோடு வெல்டர் வெளியே வந்தார். வேலை நடந்த அன்று நான் நாற்காலி போட்டுக் காவல் இருந்தேன். அக்கா சிரித்துவிட்டார்.

"இப்ப அவர் அடைக்கத்தானே வந்திருக்கார் அண்ணே?"

அந்தக் கிடங்கின் சாவி இன்று வெல்டர் இடுப்பில் இருக்கிறது.

அக்காவின் மேசையில் எழுதி முடிக்காத அறிக்கைகள் நான்கு இருக்கின்றனவாம். நான்கு பேரின் கதி அவற்றில் இருக்கிறது. வெளியே விட்டால் வேலை தருவது யார் என்ற இடத்தில் என் கடையை எழுதிக்கொள்ளலாம். சபையறியச் சொல்கிறேன்.

முன்வரிசையில் இருக்கும் புதிய அலுவலர் தம்பி, கொஞ்சம் மேடைக்கு வாருங்கள். அக்காவின் மகள் இந்தக் குடையைக் கொடுத்திருக்கிறார். உடைந்திருந்த கம்பியை வெல்டர் காலையில்தான் சரிசெய்தார். பிடித்துக்கொள்ளுங்கள். நான்கு வீடுகளும் நான்கு திசையில் இருக்கின்றன. வெளியே தூறல் ஆரம்பித்துவிட்டது.