நாலு புள்ளி இரண்டு ஓம்

செய்முறைத் தேர்வன்று நான் ஆய்வகத்தில் மின்விசிறி போடுவதில்லை. காகிதம் பறக்கும்.

அலமாரியில் இரண்டாவது கம்பிச்சுருள் எதற்கு என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

இருபத்திரண்டு வருடமாக இங்கே உதவியாளராக இருக்கிறேன். ஒரே சுருளிலிருந்து மீட்டர் மீட்டராக வெட்டி மேசைக்கு ஒன்று வைப்பேன். மின்தடை நாலு புள்ளி இரண்டு ஓம். அது எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் அளப்பதில்லை. நாலு புள்ளி ஒன்று, நாலு புள்ளி மூன்று என்று இட்டுக்கட்டிச் சராசரி போட்டுவிடுவார்கள். வோல்ட்மீட்டர் முள் சும்மா கிடக்கும்.

பிள்ளைகளை அளக்க வையுங்கள் என்று இயற்பியல் ஆசிரியரிடம் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன்.

“விடை தெரிஞ்சத எதுக்கும்மா அளக்கணும்? தினமும் உப்பு டப்பாவ நக்கிப் பாத்துட்டுதான் சமைக்கிறீங்களா?”

வகுப்பே சிரித்தது.

அந்த வருடச் செய்முறைத் தேர்வுக்கு வேறு சுருளிலிருந்து வெட்டி வைத்தேன். பார்வைக்கு அதே கம்பி. ஆனால் ஏழு ஓம்.

முப்பது பேர் நாலு புள்ளி இரண்டு எழுதினார்கள். ஜன்னலோர மேசைப் பெண் மட்டும் ஏழு எழுதினாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளரின் கையில் விடைப் பட்டியல் இருந்தது. அவரும் அளக்கவில்லை. அவளைப் பெயிலாக்கினார்.

“அக்கா, மூணு தடவ அளந்தேன்க்கா. கம்பி ஏதும் மாறிருக்கா?”

“அதே கம்பிதாம்மா. உன் கைதான் எங்கயோ தப்பு பண்ணிருக்கு.”

“அப்பா படிப்ப நிறுத்திடுவாருக்கா.”

“அடுத்த தடவ ஒழுங்கா பண்ணு.”

சோதனை நடக்கும்போது நடுவில் புகுந்து கலைக்கக் கூடாது. அதனால்தான் சொல்லவில்லை. மற்றபடி அவள்மேல் எனக்கென்ன கோபம்? இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே ஆள் அவள்.

அப்பாவிடம் அழுது கெஞ்சி மறுதேர்வுக்கு வந்தாள். இளைத்திருந்தாள். மறுபடியும் ஏழு ஓம் கம்பியையே வைத்தேன். ஒரு தடவை வந்த அளவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாதல்லவா?

சுற்றை இணைத்தாள். முள் நகர்ந்து நின்ற இடத்தைப் பார்த்தாள். கழற்றிவிட்டு மறுபடி இணைத்தாள். அதே இடம். தன் விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாலு புள்ளி இரண்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். முழு மதிப்பெண்.

எனக்கு அன்றைக்கு மனசே விட்டுப்போனது. இவளாவது பொய் எழுதமாட்டாள் என்று நம்பியிருந்தேன்.