அரிதாரம் கலையாத அக்கா

“லோங்காங்ல குதி! தலைய தூக்காத!”

யாரோ கத்துகிறார்கள். குதிக்கிறேன். சாக்கடைத் தண்ணீர் முழங்கால் வரை. பின்னாலேயே அக்கா. ராணி வேடம். தலையில் அட்டைக் கிரீடம். முகத்தில் நான் பூசிவிட்ட அரிதாரம். மேலே விமானங்கள். முதலில் உறுமல். பிறகு விசில். பிறகு இடி. வாயெல்லாம் மண்.

இடம் காஜா பேராங், மலாக்கா. சப்பான்காரன் மலாக்காவை நெருங்கிய நேரம். தை பிறக்கச் சில நாள்தான் இருந்தது. இரவில் விளக்கேற்றத் தடை. அதனால் பகலிலேயே நாடகம் போட்டோம்.

அக்கா பெயர் ரத்னம். எங்கள் அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பாவாடை கட்டிய வயதிலேயே மேடை ஏறினாள். பிறகு சிங்கப்பூர் போய் ஒரு மலாய்ப் படத்தில் நடித்தாள். ஒரே ஒரு படம். அது அப்போது இன்னும் திரைக்கு வரவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் பண்டார் ஹிலிருக்குப் படம் வந்ததும் முன் வரிசையில் உட்கார வேண்டும் என்பாள். சப்பான்காரன் சண்டை முந்திக்கொண்டது.

உறுமல் தேய்கிறது. ஏறி வருகிறோம். முந்தானையால் அவள் முகத்தைத் துடைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

“மங்களம் பாடலையேடி. நாலு வரிதான். பாடிட்டு வந்துர்றேன்.”

எங்கள் குழுவின் வழக்கம் அது. மங்களம் பாடாமல் அரிதாரம் கலைக்கக் கூடாது. ஆர்மோனியம் வாசிக்கும் சாமிக்கண்ணு மாமாவும் அவள் பின்னாலேயே கொட்டகைக்குள் போனார். எனக்குக் கோபம். எந்தச் சாமி அந்த நேரத்தில் பாட்டுக் கேட்டது? அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ரோட்டில் நிற்கிறேன். முதல் வரி கேட்கிறது. பிசிறில்லாத குரல். இரண்டாவது வரி. மறுபடியும் உறுமல்.

“அக்கா! ஓடி வா!”

விசில்.

தகரக் கூரையைப் புரட்டி எடுத்தோம். அக்கா முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. பெண்கள் துடைக்க எண்ணெய் கொண்டு வந்தார்கள். நான் விடவில்லை. மங்களம் முடியவில்லையே. ராணியாகவே அனுப்பி வைத்தேன்.

சிங்கப்பூரில் அந்தப் படச்சுருளும் எரிந்துபோனதாகப் பின்னால் சொன்னார்கள். பல வருஷம் கழித்து, சுதந்திரம் வரப்போகிறது என்ற சந்தோஷத்தில் மெர்டேக்கா என்று பண்டார் ஹிலிர் திடலே முழங்கியபோது நானும் அங்கே நின்றேன். கையைத் தூக்கினேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

போனவை இவை. அக்கா. சாமிக்கண்ணு மாமா. கொட்டகை. யாரும் பார்க்காத ஒரு படம். மங்களத்தில் கடைசி இரண்டு வரி. அப்புறம், அரிதாரம் இல்லாத அக்காவின் முகம். வீட்டில் இருக்கும் போட்டோக்களில் எல்லாம் வேடம்தான். கண்ணை மூடித் தேடுகிறேன். ராணிதான் வருகிறாள்.