அடியில் தங்காத வெள்ளை

உங்கள் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு பாட்டில் இருக்கும், மேடம். வாங்கி மாதக்கணக்கில் ஆகியிருக்கும். அது ஏன் இன்னும் நாறாமல் இருக்கிறது என்று நீங்கள் ஒருநாளும் யோசித்திருக்க மாட்டீர்கள். யோசிக்காமல் இருப்பதுதான் முறை. நீங்கள் யோசிக்கும்படி ஆகிவிட்டால் எங்கள் வேலையில் ஏதோ குறை என்று அர்த்தம்.

தண்ணீர் சேர்ந்த எந்தப் பொருளும் கெடும். பெயின்ட், பசை, தரை துடைக்கும் திரவம் எல்லாம்தான். மூடியைத் திறந்தால் ஊசிப்போன வாடை அடிக்கும், மேலே ஆடை கட்டியிருக்கும். அதைத் தடுக்க ஒரு மருந்து சேர்க்கிறோம். மருந்து என்பது எங்கள் வாய்ப் பழக்கம். உண்மையில் அது கிருமியைக் கொல்கிற ஒரு பொடி. தண்ணீரில் கரையாது, விட்டால் மாவு மாதிரி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்படி உட்கார்ந்துவிட்டால் மேலே இருக்கிற திரவம் கெட்டுப்போகும், அடியில் இருக்கிறது தொட்டவர் கையைப் பொசுக்கும். அதனால் அந்தப் பொடியைத் தண்ணீரோடு சேர்த்து அரைத்து, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுணுக்கி, தண்ணீர் முழுக்க ஒரே சீராக மிதக்கும்படி செய்ய வேண்டும். அந்த அரவைக் கூடத்துக்கு நான்தான் பொறுப்பு.

என் கூடத்திலிருந்து போன டிரம் ஒன்றுகூட அடியில் தங்கிவிட்டது என்று திரும்பி வந்ததில்லை. தற்பெருமை என்று நினைக்காதீர்கள், விசாரித்துப் பாருங்கள். நுணுக்கத்தைச் சோதிக்க ஒரு எஃகுத் தகடு உண்டு, அதில் ஒரு பள்ளம் இருக்கும். சரிவாக இறங்கி, ஒரு முனையில் ஒன்றுமில்லாமல் முடியும். அதில் ஒரு சொட்டு விட்டு, பிளேடால் இழுத்தால் போதும், பொடி எங்கே பெரிதாக இருக்கிறதோ அங்கே கீறல் விழும். மற்றவர்கள் ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு டிரம்மை மூடிவிடுவார்கள். நான் திரும்பத் திரும்ப இழுப்பேன். கீறல் தெரிந்தால், இன்னும் நுணுக்கு என்பேன். எங்கள் தொழிலில் எல்லா நோய்க்கும் அது ஒன்றுதான் வைத்தியம். தங்குகிறதா, நுணுக்கு. திரிகிறதா, நுணுக்கு.

என் மனைவியின் அப்பா எங்களோடு வந்து தங்கினார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆள் ஜாலியான மனிதர். நான் வேலை முடிந்து கதவைத் திறக்கும்போதே, "வாங்க மாப்பிள்ள, இன்னிக்கி எத்தன மூட்ட மாவு அரச்சீங்க?" என்பார். தெருவில் அவருக்குப் பழக்கமானவர்களிடமும் என்னை மாவு மில்காரர் என்றுதான் அறிமுகப்படுத்தினார். எனக்கு அதில் கோபம் கிடையாது. கோபம் இருந்ததாக நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம்.

அவருக்குத் தொண்டை வறண்டு போகும். அறையில் காற்று ஈரமாக இருந்தால் நல்லது என்று டாக்டர் சொல்ல, மனைவி ஒரு சின்ன மெஷின் வாங்கி வந்தாள். தண்ணீர் ஊற்றி ஓடவிட்டால் குளிர்ந்த புகை மாதிரி விடும். பனி மெஷின் என்று அவளே பெயர் வைத்தாள். மாமாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் தண்ணீர் நிற்கிற தொட்டியில் வழவழவென்று பாசி பிடித்தது, நாற்றம் வந்தது. அவள் தினமும் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து அலுத்துப் போனாள்.

"ஊருக்கெல்லாம் மருந்து கலக்குறீங்க, வீட்டுல இருக்குற ஒரு தொட்டிக்கு வழி பண்ண மாட்டீங்களா?" என்றாள்.

மனைவி கேட்டாள், செய்தேன். என் கலவையில் ஒரு கரண்டி. பாசியும் போயிற்று, நாற்றமும் போயிற்று. அவளுக்கு வாயெல்லாம் பல். மாமா என்னைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு, "மாவு மில்லுக்கும் ஒரு உபயோகம் இருக்கத்தான் செய்யுது" என்றார். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. சந்தோஷமாக இருந்தது, மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

இதையே சின்ன பாட்டிலில் அடைத்து விற்கலாம் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். எங்கள் சோதனைக்கூடத்தில் ஒரு பெண் இருக்கிறாள். எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்டு இழுத்தடிப்பாள் என்பதால் அவளுக்குச் 'சந்தேகம்' என்று பட்டப்பெயர். அவள்தான் குறுக்கே நின்றாள்.

"சார், இது தரை தொடைக்கவும் பெயின்ட்ல போடவும் பாத்த மருந்து. மூச்சுல போனா என்ன ஆகும்னு யாரும் பாக்கல. பாத்துட்டு விக்கலாம் சார்."

"என் வீட்டுலயே ஓடிட்டிருக்கும்மா. எங்க மாமனார் ரூம்ல. கல்லு மாதிரி இருக்காரு."

அவள், "வீட்டுல வச்சிட்டீங்களா?" என்றாள். முதலாளி சிரித்தார். "நம்மாளு சொந்த மாமனாருக்கே வச்சிருக்காரு, இதுக்கு மேல என்ன சர்டிபிகேட் வேணும்?"

இப்படித்தான் மாமா எங்கள் சர்டிபிகேட் ஆனார். பாட்டிலில் தூங்குகிற குழந்தையின் படம் போட்டார்கள். அது என் யோசனை இல்லை. ஆனால் படம் அழகாகத்தான் இருந்தது.

சரக்கு கடைகளுக்குப் போன சமயத்தில் மாமாவின் அறையில் வெள்ளையாகத் தூசி படிய ஆரம்பித்தது. அலமாரி மேல், மூக்குக்கண்ணாடிக் கூட்டின் மேல், எங்கும். ஒருநாள் மேசையில் விரலால் ஒரு பஸ் வரைந்து, அதற்குள் என்னைக் கண்டக்டராக நிறுத்தி வைத்திருந்தார். "பாருங்க மாப்பிள்ள, உங்க மாவு இங்க வந்து உக்காந்திருக்கு" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது.

மேடம், அந்தத் தூசியைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட அவமானத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது. என் மருந்து தங்கிவிட்டது. டிரம்மில் தங்காத மருந்து மேசையில் தங்கியிருந்தது. மறுநாள் கூடத்துக்குப் போனதும் பொடியை அரைக்க மெஷினில் போடும் கண்ணாடி மணிகளை மாற்றினேன். இருந்ததிலேயே சின்ன மணிகளைப் போட்டு, தகட்டில் ஒரு கீறல்கூட விழாத வரைக்கும் அரைத்தேன். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து ஊற்றினேன். தூசி நின்றுவிட்டது. மேசை கண்ணாடி மாதிரி பளிச்சென்று இருந்தது. கடைக்குப் போகிற பாட்டிலுக்கும் அதே அரவையைக் கொண்டுவந்தேன். எனக்கு நிம்மதி.

இதைப் பெருமையாகச் சொன்னபோது 'சந்தேகம்' கேட்டாள், "மேசையில தங்கலன்னா அது எங்க சார் போய்த் தங்குது?"

நல்ல கேள்வி. அவளை டிரம் நிரப்புகிற பகுதிக்கு மாற்றச் சொன்னேன்.

மாமாவின் இருமல் கூடிக்கொண்டே போனது. மாடிப்படியில் பாதியில் நின்றுவிடுவார். பேச்சில் கிண்டல் குறைந்தது, பிறகு பேச்சே குறைந்தது. ஒரு காலை உதடு நீலமாக இருக்கவே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே பனி மெஷின் கிடையாது. ஆள் தேறினார். எழுந்து உட்கார்ந்து, நர்ஸிடம், "எங்க மாப்பிள்ள பெரிய மாவு மில் ஓனரு" என்று சொல்கிற அளவுக்குத் தேறினார். டாக்டர் எங்கள் இருவரையும் தனியே கூப்பிட்டார்.

"வீட்டுல புறா ஏதாவது வளக்குறீங்களா? சுவத்துல பூஞ்சை? காத்துல கலக்குற மாதிரி ஏதாவது?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர். நான் வீட்ட அவ்வளவு சுத்தமா வச்சிருக்கேன்" என்றாள் மனைவி. அவள் சொன்னது அவளுக்குத் தெரிந்த உண்மை. அவளைப் பொறுத்தவரை அந்தக் கரண்டி மருந்து சுத்தத்தில் சேர்த்தி. நான் சுவரில் மாட்டியிருந்த நுரையீரல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளை கிளையாகப் பிரிந்து கடைசியில் எவ்வளவு மெல்லியதாக முடிகிறது. எங்கள் தகட்டின் பள்ளம் மாதிரிதான். பெரிய பொடி வாயிலிலேயே நின்றுவிடும். நான் அரைத்த பொடி கடைசிவரை போகும். அது எனக்கு அந்த அறையில் வைத்தே புரிந்துவிட்டது. புரியவில்லை என்று உங்களிடம் சொல்ல மாட்டேன்.

வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். நான் மெஷினைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, மருந்து ஊற்றி, ஓடவிட்டேன்.

ஏன் என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஒரு தடவை நடந்ததை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. வயதானவர், புகைபிடித்த உடம்பு, டீசல் புகையில் வேலை பார்த்தவர். மருந்தால்தான் என்று யார் சொல்ல முடியும்? இன்னொரு தடவை அதேபோல் நடந்தால்தான் அதற்குச் சோதனை என்று பெயர். 'சந்தேகம்' கேட்டதும் சோதனைதானே. தவிர, கடையில் சரக்கு இருந்தது. நான் மெஷினை நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று மனைவி கேட்பாள். அதற்குப் பதில் சொன்னால் கடைகளில் இருக்கிற ஒவ்வொரு பாட்டிலுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஓடவிட்டால் யாருக்கும் எந்தப் பதிலும் வேண்டியதில்லை.

மாமா கொஞ்ச நாள்தான் இருந்தார். கடைசியில் பேச முடியவில்லை, பனி மெஷினைக் கிட்டே தள்ளச் சொல்லிக் கையைக் காட்டினார். அது தனக்கு நல்லது செய்கிறது என்று நம்பினார். தள்ளி வைத்தேன். எனக்குக் கண் கலங்கியது. அவர் என்னைத் திட்டாமல் போனது ஒரு ஆறுதல்.

முதலாளி மாலையோடு வந்தார். வாசலில் என்னை ஓரமாக அழைத்து, "வயசாயிடுச்சுல்ல?" என்றார். "ஆமா சார், வயசுதான்" என்றேன். அவரும் தலையாட்டினார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அப்பாவின் அறையில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று மனைவி தன் தையல் வேலையை அங்கே மாற்றிக்கொண்டாள். மதியம் அங்கேயே படுத்துவிடுவாள். அழுது அழுது அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. மெஷினை அவளுக்கும் போட்டுக் கொடுத்தேன். அப்பா கிழவர், நோயாளி. மகள் திடகாத்திரமான பெண். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் மருந்தின் மேல் பழி இல்லை என்று நிம்மதியாக இருக்கலாம். என் மனைவி மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது.

அவளும் இருமினாள்.

ஒரு மதியம் நான் சாப்பாட்டு இடைவேளையில் வீட்டுக்கு வந்தேன். மெஷின் ஓடவில்லை, பிளக் பிடுங்கிக் கிடந்தது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனமில்லை. சத்தம் வராமல் பிளக்கைச் செருகினேன். மூடியைத் திறந்து மருந்து ஊற்றினேன். திரும்பினால் அவள் என்னைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"அப்பாவுக்கும் இப்படித்தான் வச்சீங்களா?"

"உன் தொண்டைக்கு நல்லதும்மா."

"நான் அதக் கேக்கல. அப்பா ஆஸ்பத்திரில நல்லா இருந்தாரு. இங்க வந்ததும் விழுந்தாரு. நான் நேத்து பிடுங்கிப் போட்டேன், இன்னிக்கி மூச்சு வருது. உங்களுக்குத் தெரிஞ்சுதான் வச்சீங்களா?"

நான் அவளிடம் இதுவரை பொய் சொன்னதில்லை. அதனால் வாயைத் திறக்கவில்லை. அவள் எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். பாட்டிலை மூடி, துண்டில் சுற்றி, மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு போனாள். கத்தவில்லை, அழவில்லை. செருப்புப் போடக்கூட மறந்துவிட்டாள். நேராக 'சந்தேகம்' வீட்டுக்குத்தான் போயிருக்கிறாள். அந்தப் பெண்ணின் விலாசம் எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. இரண்டு பேரும் எனக்குத் தெரியாமல் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அது மட்டும் என் மனதை மிகவும் புண்படுத்திவிட்டது.

என் மனைவி பிழைத்துவிடுவாள் என்று சொல்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். கடைகளிலிருந்து பாட்டில்களைத் திரும்ப எடுக்கிறார்கள் என்றும், சில வீடுகளில் தாமதமாகிவிட்டது என்றும் சொன்னீர்கள். அந்த வீட்டுக் குழந்தைகளின் போட்டோக்களை மேசையில் வரிசையாக வைத்தீர்கள். பார்த்தேன். மாமாவைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். குழந்தைகள் விஷயத்தில் முதலாளியையும் கேளுங்கள். ஆனால் நான் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. என் மருந்தை நான் முழுமனதாக நம்பினேன். அதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். அவ்வளவு நம்பிக்கை இருந்தால் ஒருநாளாவது அந்த அறையில் நீ ஏன் படுக்கவில்லை, கதவிடுக்கில் ஏன் ஈரத்துணி வைத்து அடைத்தாய் என்று. இதில் யோசிக்க என்ன இருக்கிறது, மேடம். இத்தனை வருஷம் அரவைக் கூடத்தில் முகமூடியைக் கழற்றாமல் வேலை பார்த்தவன் நான். அந்தப் பொடி நெஞ்சுக்குள் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா.