குடோனில் இரட்டிப்பு இல்லை

என் கையெழுத்து புரியாவிட்டால் கேளுங்கள் ஐயா. பத்து வருஷமாகக் கீபோர்டிலேயே தட்டிப் பழகியதால் பேனா என் பேச்சைக் கேட்பதில்லை.

என் பெயர் சௌந்தரபாண்டியன். திருச்சுழி ரோட்டில் உள்ள நூல் மில்லில் நெட்வொர்க் பார்க்கிறேன். ஆபீஸில் மேனேஜர் சாலமோன் சார் மைக்கில் பேசினால் எல்லா ஷெட்டிலும் ஸ்பீக்கர் பேசும். அது என் பொறுப்பு. குரல் பாக்கெட் பாக்கெட்டாக ஆபீஸை விட்டு ஒரே ஒரு முறைதான் கிளம்பும். வழியில் இருக்கும் ரௌட்டர் பெட்டிகள்தான் அதைப் பிரதி எடுத்து ஒவ்வொரு ஷெட்டுக்கும் அனுப்பும். மல்டிகாஸ்ட் என்பார்கள். நல்ல ஏற்பாடு.

சித்திரையில் பஞ்சு குடோனுக்கு இரண்டாவது கேபிள் போட்டேன். ஒன்று அறுந்தாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று நானே முதலாளியிடம் வாதாடி வாங்கியது. மறுநாளிலிருந்து ஒவ்வொரு அறிவிப்பும் மில் முழுக்க இரண்டு மூன்று தடவை கேட்டது. ஷெட்டில் பெண்கள் சிரித்தார்கள். சாலமோன் சார் சிரிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள ஒரு தடவையாக் கேக்கணும். இல்லேன்னா தங்கபாண்டி மாதிரி நீயும் கேட்டுக்கு வெளிய நிக்க வேண்டியதுதான்" என்றார்.

தங்கபாண்டி எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர். ஷிப்டு மாறும் நேரத்தில், அத்தனை பேர் பார்க்க, சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையைக் கழற்றி வாங்கினார்கள். அதை நான் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்குப் பயம். சோறு இறங்காத பயம் ஐயா, சும்மா சொல்லவில்லை.

கோளாறைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி உண்டு. மைக்கில் "ஒண்ணு" என்று சொல்வேன். எத்தனை தடவை கேட்டது என்று ஒவ்வொரு ஷெட்டிலிருந்தும் ஒருவர் போனில் சொல்ல வேண்டும். குடோனில் பேல் என்கிற பஞ்சுப் பொதிகளுக்குச் சீட்டு ஒட்டும் கனகலட்சுமி, சாக்பீஸால் பேல் மேலேயே கோடு போட்டு எண்ணுவாள். மற்ற ஷெட்டுகளில் இரண்டு, மூன்று.

"இங்க ஏழு தடவ கேட்டுச்சுண்ணே. கடைசி ரெண்டு லேசாத்தான் கேட்டுச்சு, ஆனா கேட்டுச்சு" என்றாள்.

ஆக, சுழல் குடோன் பக்கத்தில்தான். அங்கே இரண்டு பெட்டிகள் ஒன்றையொன்று காட்டி, இந்த மேசைக்கும் அந்த மேசைக்கும் மனுவை அலையவிடுவதுபோல, ஒரே பாக்கெட்டைத் திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. பாக்கெட்டில் ஓர் எண் இருக்கும். பெட்டி மாறும்போதெல்லாம் ஒன்று குறையும். பூஜ்யமானால்தான் அது சாகும். மூன்று நாள் தேடியும் பெட்டிகளுக்கு நான் எழுதிய கட்டளைகளில் எந்த வரி தப்பு என்று எனக்குப் பிடிபடவில்லை. புதுக் கேபிளைப் பிடுங்கியிருந்தால் அந்த நிமிஷமே சரியாகியிருக்கும். ஆனால் ஏன் பிடுங்கினாய் என்று கேட்பார்கள். நான் வாதாடி வாங்கிய கேபிள் அல்லவா.

வெள்ளிக்கிழமை காலை, குடோனுக்குப் போகும் இரண்டு வழியிலும் அந்தக் குரலை மட்டும் தடுத்து ஒரு வரி எழுதினேன். மறுபடியும் "ஒண்ணு" என்றேன். மற்ற எல்லா ஷெட்டிலும் ஒரே தடவை.

கனகலட்சுமி போன் செய்தாள். "ஒண்ணுமே கேக்கலையேண்ணே."

"அப்ப சரியாயிருச்சு தாயி" என்றேன். அவள் நம்பினாள். என்னை எப்போதும் நம்புகிறவள்.

சாருக்குக் கொடுத்த அறிக்கையில், இரட்டிப்பு உண்டா என்ற கட்டத்தில், குடோனுக்கு நேரே 'இல்லை' என்று எழுதினேன். அது பொய் இல்லை என்பதை நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்குக் குடோன் முன்பக்கம் பேல் கம்பி வெட்டும்போது பொறி பறந்து பஞ்சு பிடித்துக்கொண்டது. கம்பி வெட்டியவர்கள் வெளியே ஓடிவந்துவிட்டார்கள். கனகலட்சுமி குடோனின் கடைசியில் இருந்தாள். கூரை வரை அடுக்கிய பேல்களுக்குப் பின்னால் தீ கண்ணில் படாது. அவளுக்குப் பத்தடியில் பின்கதவு.

சாலமோன் சார் ஓடிவந்து மைக்கை எடுத்தார். "குடோன்ல இருக்கவுக எல்லாரும் பின்கதவு வழியா உடனே வெளிய வாங்க" என்று மூன்று முறை சொன்னார். நான் அவருக்குப் பக்கத்தில், திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அந்த வரி திரையில் இருந்தது. அழிக்க நாலு விநாடி போதும். அழித்தால் அவர் குரல் மில் முழுக்க மறுபடியும் இரண்டு மூன்றாகக் கேட்டிருக்கும், அவர் என் பக்கம் திரும்பியிருப்பார். கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

அவர் மைக்கை வைத்தார். உள்ளே போய்ப் பார்க்க நாலு பேர் வாசலில் தயாராக நின்றார்கள்.

"எல்லாருக்கும் கேட்டிருக்கும்லப்பா?" என்று என்னைக் கேட்டார்.

"கேட்டிருக்கும் சார்" என்றேன். அவர் அந்த நாலு பேரையும் தண்ணீர் லாரிக்கு வழிவிட அனுப்பினார். சாயங்காலம்தான் அவளை வெளியே எடுத்தார்கள். பின்கதவுப் பக்கம் அவள் திரும்பியிருக்கவே இல்லை.

நீங்கள் இரண்டு நாளாகக் கேட்பதை ஒப்புக்கொள்கிறேன் ஐயா. அவளுக்குக் கேட்காது என்று தெரிந்துதான் சொன்னேன். ஆனால் சார் பொதுவாகத்தான் கேட்டார். கனகலட்சுமிக்குக் கேட்டதா என்று பெயரைச் சொல்லிக் கேட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன்.