அயாஸ் இறங்கிய இடம்

கூடைப்பந்தில் எழும்புவதைவிடக் கீழே இறங்குவதுதான் ஆபத்து. எழும்பும்போது கண் வளையத்தின் மேல் இருக்கும். பாதம் எங்கே படப்போகிறது என்று பார்க்க முடியாது; தரை சமமாகத்தான் இருக்கும் என்று உடம்பு நம்பிக்கொள்ளும். அங்கே இன்னொருவர் பாதம் இருந்தால் கணுக்கால் மடங்கிவிடும். இதைச் சொல்லிப் பலரை நானே எச்சரித்திருக்கிறேன்.

1998இல் எங்கள் திண்டுக்கல் கிளப்புக்கு மரியசெல்வம் என்கிற நான் கேப்டன், அயாஸ் வளையத்தடியில் ஆடும் சென்டர். எங்கள் ஆட்டம் எளிது: பந்தை அவனிடம் கொடுத்துவிட்டு மற்ற நால்வரும் நின்று பார்ப்போம். பழனியில் அவன் ஆடியதைப் பார்த்த சென்னை வங்கி ஒன்றின் அணிக்காரர்கள் தேர்வுக்கு வரச் சொன்னார்கள். தேறினால் வேலை. தோல் கிடங்கில் மூட்டை சுமந்த அவன் அத்தா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"ஏலே அயாசு, மெட்ராஸ் போயிட்டா எங்களயெல்லாம் யாருன்னு கேப்பியே?" என்றான் எங்கள் அணியின் மொக்கைச்சாமி.

"உன்னைய மறப்பனாடா? உன் பாஸ வாங்கி வாங்கியே கையி சுளுக்கிருச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று பயிற்சியில் வளையத்தில் பட்டுத் தெறித்த பந்தைப் பிடிக்க அவன் எழும்பியபோது, அவன் இறங்கும் இடத்தில் என் பாதத்தை வைத்தேன். ஒரு சுளுக்கு, அவ்வளவுதான் என் எண்ணம். தேர்வு தவறும், அவன் எங்களோடு இருப்பான்.

எலும்பு கட்டுபவரிடம் நானே தூக்கிக்கொண்டு போனேன். அவர் தடவிப் பார்த்துவிட்டு, "ஒடைஞ்சிருக்கு தம்பி. பெரியாஸ்பத்திரில படம் எடுத்துருங்க" என்றார். அங்கே மாவுக்கட்டு போட்டால் சீசன் முழுக்கப் படுத்துவிடுவான். "சுளுக்குதாண்ணே, நீங்க கட்டுங்க" என்றேன்.

"மரியசெல்வம் அண்ணன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றான் அயாஸ்.

கட்டைப் பிரித்தபோது பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. பிறகு அவன் ஓடவே இல்லை.

அந்த வருடம் எல்லா இடத்திலும் தோற்றோம். பந்து கைக்கு வந்தால் அடுத்து என்ன செய்வதென்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அப்புறம்தான் யோசித்தேன். பந்தைவிட வேகமாக ஓடும் ஆள் கிடையாது. ஆகவே பந்தைத்தான் ஓடவிட வேண்டும். பாஸ் கொடுத்தவன் சும்மா நிற்காமல் உள்ளே ஓடினால், அவனை மறிக்கும் எதிரணிக்காரனும் பின்னால் போவான். அந்த இடம் காலியாகும். அங்கே இன்னொருவன் நுழையலாம். இதையே விடாமல் பழகினோம். அடுத்த வருடம் பழனியில் கோப்பை எங்களுக்கு.

அதைக் கையில் வாங்கியபோது வெட்கத்தில் என்னால் தலைக்குமேல் தூக்க முடியவில்லை. அவன் இல்லாமலும் ஜெயிக்க முடியும் என்று இப்போது தெரிந்தது. அவனை ரயிலேற்றி அனுப்பியிருக்கலாம்.

ஸ்கோர் போட்டுக்கொண்டிருந்த அயாஸ் விந்தி விந்தி வந்து என்னைக் கட்டிக்கொண்டான். "அண்ணே, அன்னைக்கு நீங்க தூக்கிட்டு ஓடலேன்னா என் காலையே எடுத்திருப்பாக."

சொல்லிவிடலாம் என்று பலமுறை வாயெடுத்திருக்கிறேன். ஆனால் இந்த ஊரில் அவன் முழுதாக நம்புகிற ஒரே அண்ணன் நான்தான். அதையும் அவனிடமிருந்து பறிக்க எனக்கு மனசு வரவில்லை.