பெட்டியக் கிழிக்காதீங்க

ஐயோ அண்ணே, பெட்டியக் கிழிக்காதீங்க. அந்தக் கத்திய உள்ள வைங்க. டேப்ப மட்டும் மெதுவா உரிங்க, அட்டையோட பிஞ்சு வராம. ஆமா, தெர்மாகோலும் உடையக்கூடாது. எல்லாம் அப்படியே வேணுமாம், காலையில பெட்டி வந்தப்பவே மேனேஜர் சொல்லிட்டாரு. கதவுல ஒட்டியிருக்கே பிளாஸ்டிக் தாளு, அதையும் உரிக்க வேணாம்னாரு. எதுக்குன்னு என்னைக் கேட்டா நான் என்ன சொல்ல, அவருக்கு வேணுமாம்.

பழைய ஓவனா? அது அங்கயே இருக்கட்டும். எடுத்துட்டு வரச் சொன்னாங்களா கடையில? வேணாம்ணே, அத நான் பாத்துக்கறேன். நல்லாத்தான் ஓடுது. கதவ இடுப்பால ஒரு இடி இடிச்சாத்தான் சாத்தும், உள்ள லைட்டு எரியாது, தட்டு சுத்தறப்ப கிறீச் கிறீச்சுன்னு கத்தும். மூணாம் நம்பர் பட்டன் தேஞ்சே போச்சு. மூணு நிமிஷம் வேணும்னா ரெண்டு வெச்சு, அது முடிஞ்சதும் ஒண்ணு வெக்கணும். ஆனா சோத்த சூடு பண்ணுது, அதுக்குத்தானே வாங்குனது. நான் இந்த ஆபீசுக்கு டீ போட வந்த அன்னிக்கே இது இங்க இருந்துச்சு. எனக்கே சீனியர்.

இத மாத்தணுமா வேணாமான்னு இங்க நடந்த பஞ்சாயத்து இருக்கே, கேட்டா சிரிப்பீங்க. முன்னாடியெல்லாம் இங்க வேலை பாக்கறவங்க எத்தனையோ தடவை கேட்டுப் பாத்தாங்க. ஓடுதுல்ல, ஓடட்டும்னு மேனேஜர் ஒரே பேச்சுல முடிச்சுருவாரு. இவங்களும் சரின்னு இடுப்பால இடிச்சுக்கிட்டே காலத்த ஓட்டுனாங்க. ஆனா கொஞ்ச நாளாவே ஆபீஸ் சரியில்லண்ணே. ரிப்பேருக்குப் போன பிரிண்டர் திரும்பி வரல. வேலைய விட்டுப் போனவங்க நாற்காலியெல்லாம் சும்மாவே கெடக்கு, புதுசா ஒரு ஆளும் வரல. டீத்தூள் கூட சின்ன பாக்கெட்டாத்தான் வருது. மூடப் போறாங்கன்னு ஒரு பேச்சு சுத்துது. நேராப் போய்க் கேக்க யாருக்கும் தைரியம் இல்ல.

அப்பத்தான் ஆவி சார் ஒரு யோசனை சொன்னாரு. ஆவி சார்னா, ஜன்னலோரமா வழுக்கையா ஒருத்தர் உக்காந்திருக்காரே, அவரு. சோத்தக் கொதிக்கக் கொதிக்க சூடு பண்ணிட்டு டப்பாவத் தொறப்பாரு, கண்ணாடி பூராவும் ஆவி படிஞ்சு, செவுத்தத் தடவிக்கிட்டே சீட்டுக்குப் போவாரு. பேரு நான் வெச்சதுதான், அவருக்குத் தெரியாது. அவரு சொன்னாரு, எல்லாரும் சேந்து புது ஓவன் கேப்போம். மூடப் போற ஆபீசுக்கு எவனாவது ஓவன் வாங்குவானா. வாங்கிக் குடுத்தா நமக்கு வேலை இருக்குன்னு அர்த்தம். மாட்டேன்னுட்டா அவங்கவங்க வேற வழியப் பாத்துக்குவோம். கேட்ட எல்லாருக்கும் சரின்னு பட்டுது. எனக்கும்தான் பட்டுது, பொய் சொல்லல.

போய்க் கேட்டாங்க. நான் டீ டம்ளரோட ஓரமா நிக்கறேன். என்னய்யா திடீர்னு, பழசுதான் ஓடுதேன்னாரு மேனேஜர். இந்த ஆவி சார் வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்கணுமா இல்லையா, ஓவன் வந்தா ஆபீஸ் இருக்கும்னு ஒரு நிம்மதி சார்னு உளறிட்டாரு. மேனேஜர் எல்லார் மூஞ்சியையும் ஒரு தடவ பாத்தாரு. அப்பறம் சிரிச்சாரு. அவ்வளவுதானே, வாங்கிட்டாப் போச்சுன்னாரு. வெளிய வந்து இவங்க கை தட்டாத குறைதான். எல்லாருக்கும் வயித்துல பால வாத்த மாதிரி ஆயிடுச்சு.

அந்தக் கடைசி மேசையில கொடை தொங்குது பாருங்க, அது கணக்குப் பாக்கற பொண்ணோட மேசை. தங்கமான பொண்ணு. குடிச்ச டம்ளரக் கூட அவளே கழுவி வெச்சுட்டுப் போவா. அவள வேற ஒரு கம்பெனியில கூப்பிட்டிருக்காங்க. வரேன், வரல, எதுன்னாலும் இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லணுமாம். அது வெளியூரு. இவ அம்மா படுத்த படுக்கை, பெரட்டிப் போடக்கூட இவதான். இங்கன்னா வீடு பக்கம், நடுவுல ஓடிப்போய் ஒரு தடவ பாத்துட்டு வந்துருவா. அக்கா, ஓவன் மட்டும் வந்துட்டா நான் எங்கயும் போகலன்னு என் கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னா.

நல்ல விஷயந்தானேங்கறீங்க. ம்.

அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்குங்கண்ணே, ஒரசாம. கீறல் விழுந்தா அந்தம்மா அவர சும்மா விடாதாம். எந்தம்மாவா? மேனேஜர் சம்சாரம்தான். இந்தக் கலரையே அவங்கதானே எடுத்தாங்க. அவங்க பொண்ணுக்குத் தனிக்குடித்தனம் வெக்கறாங்களாம், அந்த வீட்டு சமையலறைக்கு இதுதான் ஒத்து வருதாம். பெட்டிய பத்திரமா வெக்கச் சொன்னது அதுக்குத்தான். மாசக் கடைசியில ஆபீஸக் காலி பண்றோம், அப்பத் தூக்கிட்டு வந்துர்றேன், இது இங்க இருந்தா கையில இருக்கற வேலை முடியற வரைக்கும் ஒருத்தனும் நகர மாட்டான்னு அந்தம்மாகிட்ட போன்ல பேசிக்கிட்டிருந்தாரு மேனேஜர், நான் டம்ளர் எடுக்கப் போனப்ப. நான் உள்ள வந்தும் கொரலக்கூடத் தாழ்த்தல. டீ போடறவளுக்கும் காது இருக்கும்னு யாருக்குத் தோணுது.

போன வெச்சுட்டுத்தான் என்னைக் கவனிச்சாரு. காதுல விழுந்தது காதோட இருக்கட்டும், வெளிய போச்சுன்னா நீ அன்னிக்கே வீட்டுக்குப் போயிரலாம்னாரு. வீட்டுல எங்க வீட்டுக்காரரு முதுகு போயி உக்காந்திருக்காரு, என் சம்பளத்துலதான் அடுப்பெரியுது. அன்னியிலேருந்து வாய்க்குப் பூட்டு போட்டுக்கிட்டு டீ ஊத்தறேன். என்னக்கா, உடம்பு சரியில்லையான்னு கேக்கறாங்க. ஆமாங்கறேன். வேற என்ன சொல்ல.

நீங்க சொல்லுங்கண்ணே, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிரவா? நீங்களும் அதத்தான் சொல்றீங்களா. நானும் காலையில அந்த முடிவுக்குத்தான் வந்தேன். எப்படியும் மாசக் கடைசியில போகப் போற வேலை, இன்னிக்கே போனாப் போகட்டும். அவளுக்காவது போக ஒரு எடம் இருக்கு. சாப்பாட்டு நேரத்துக்கு மொத ஆளா வருவா, வந்ததும் சொல்லிடறேன். நீங்க கொஞ்சம் கூட இருங்க.

இதோ வந்துட்டா. வா கண்ணு. ஆமா, புதுசுதான். அழகாத்தான் இருக்கு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், இப்படி வா. என்ன, நீ மொதல்ல சொல்றியா? சரி, சொல்லு.

காலையிலயே அவங்ககிட்ட வரலன்னு சொல்லிட்டியா? பெட்டி லிஃப்ட்டுல ஏறுறதப் பாத்ததுமேவா? சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்குன்னு சொன்னியே கண்ணு. இல்ல, சும்மா கேட்டேன். மறுபடி மனசு மாறுனா கேட்டுப் பாக்கலாம்ல? வேற ஆளப் போட்டாச்சா. அதுக்குள்ளயா.

நான் என்ன சொல்ல வந்தேன்? ஒண்ணுமில்ல, மறந்துபோச்சு. அம்மா கூடவே இருக்கலாம், ஆமா, அது ஒண்ணு போதும். அண்ணே, நீங்க ஏன் அப்படியே நின்னுட்டீங்க, பெட்டிய அந்தப் பரண் மேல ஏத்திருங்க. நீ டப்பாவக் குடு கண்ணு, சூடு பண்ணித் தரேன். புதுசுலயா? அது வேணாம், இன்னும் மாட்டி முடிக்கல. பழசுலயே வெக்கறேன். கொஞ்சம் தள்ளி நில்லு, கதவ இடிக்கணும்.